சீட்டின் மூக்கு

இன்று காலை பள்ளிக்கூட வாசலில் ஒரு மாணவி. அரசு கொடுத்த சைக்கிள். சீட்டின் மூக்கு மேலே தூக்கி நிற்கிறது. பாதி நேரம் எழுந்து நின்றுதான் மிதிக்கிறாள்.

மூக்கு தூக்கியிருந்தால் எடை முன்பக்க மென்சதையில் இறங்கும். மரத்துப்போகும், தோல் உரசும். சீட்டுக்கு அடியில் உள்ள நட்டைத் தளர்த்தி, மட்டமாக்கி, மறுபடி இறுக்கினால் போதும். எந்த சைக்கிள் கடையிலும் நொடியில் செய்துதருவார்கள்.

எடை இறங்க வேண்டியது உட்காரும் எலும்புகள் இரண்டின் மேல்.

நெளி அட்டையைக் கடினமான ஸ்டூலில் போட்டு, கொஞ்சம் முன்சாய்ந்து அழுத்தி உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும். குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்து, 2 முதல் 3 செ.மீ. கூட்டுங்கள். அதுதான் சீட்டின் அகலம். நிமிர்ந்து ஓட்டுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட.

பெண்களுக்கு இந்த இடைவெளி சராசரியாக அதிகம்தான். ஆனால் ஆளுக்கு ஆள் நிறைய மாறும். 'லேடீஸ்' என்ற பெயரை நம்பி வாங்காதீர்கள், அளந்து வாங்குங்கள். பஞ்சுபோல அமுங்கும் ஜெல் சீட் தினசரி தூரத்துக்கு வேண்டவே வேண்டாம். எலும்பு உள்ளே புதைய, நடுப்பகுதி மேலெழுந்து அழுத்தும்.

குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். அதுவே சீட்டின் சரியான உயரம்.

பார் இல்லாத பிரேம் பாவாடைக்கும் புடவைக்கும் வசதி. ஆனால் 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது, லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். சிலர் அதைத்தான் விரும்பினார்கள், முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால்.