இறங்கியதும் முதலில் கேட்டைத் தேடுங்கள்

புதிதாக விமானத்தில் போகிறவர்களுக்குப் பறப்பதைவிட அதிகப் பயம் தருவது நடுவழியில் இறங்கி வேறு விமானம் மாறுவதுதான். விமானத்துக்குள் ஏறி பெல்ட்டைப் போட்டுவிட்டால் அப்புறம் நம் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அர்த்தராத்திரியில் முன்பின் தெரியாத விமான நிலையத்தில் இறங்கி, அடுத்த விமானத்தை நாமேதான் கண்டுபிடித்து ஏற வேண்டும். சிங்கப்பூர் சாங்கி வழியாக டோக்கியோவுக்கு டிக்கெட் எடுத்த நாளிலிருந்து எனக்கு அந்த நடுவழி நேரத்தைப் பற்றித்தான் யோசனை. எந்த வாசல் வழியாகப் போவது, பெட்டியை யார் மாற்றுவார்கள், விமானத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இதில் பாதிக் கேள்விகளுக்கு, கிளம்பும் இடத்தில் செக்-இன் கவுண்டரிலேயே பதில் கிடைத்துவிடும். அங்கே நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். பெட்டியை பெல்ட்டில் வைத்ததும் அதில் ஒரு நீளமான தாளைச் சுற்றி ஒட்டுவார்கள். அதன் துண்டுச் சீட்டு ஒன்றை நம் போர்டிங் பாஸின் பின்புறமோ பாஸ்போர்ட்டின் மேலோ ஒட்டித் தருவார்கள். அதை உடனே படித்துப் பாருங்கள். விமான நிலையங்களைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் அதில் இருக்கும். என் சீட்டில் டோக்கியோ நரிட்டாவின் 'என்.ஆர்.டி.' பெரிதாகவும், வழியில் உள்ள சாங்கியின் 'எஸ்.ஐ.என்.' சிறிதாகவும் அச்சாகியிருந்தது. அப்படியென்றால் பெட்டி நேராக நரிட்டாவுக்குப் போகிறது, நடுவில் அதைத் தேட வேண்டாம் என்று அர்த்தம். கடைசி ஊரின் எழுத்துகள் இல்லாமல் நடுவழி ஊரின் எழுத்துகள் மட்டும் இருந்தால், அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பெட்டி வராமல் போனால் அதிலுள்ள எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.

அடுத்து, இரண்டாவது விமானத்துக்கான போர்டிங் பாஸையும் இங்கேயே தருகிறார்களா என்று கேளுங்கள். தந்துவிட்டால் பாதி பாரம் குறைந்தது. தராவிட்டால் நடுவழி விமான நிலையத்தில் உள்ள டிரான்ஸ்ஃபர் டெஸ்க்கில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அதில் தவறில்லை, அந்த வேலையும் இருக்கிறது என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விமானம் தரையிறங்கியதும் எல்லோரும் எழுந்து ஒரே பக்கமாக நடப்பார்கள். கூட்டத்தோடு போனால் சரியான இடத்துக்குப் போய்விடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பலருக்கு அதுதான் கடைசி ஊர். அவர்கள் இமிக்ரேஷனுக்கும் பெட்டி எடுக்கவும் போகிறார்கள். நாம் பார்க்க வேண்டியது 'டிரான்ஸ்ஃபர்', 'டிரான்சிட்', 'கனெக்டிங் ஃப்ளைட்ஸ்' என்று எழுதிய பலகைகளை. 'அரைவல்', 'பேகேஜ் கிளெய்ம்' என்று போட்டிருக்கும் பாதை நம்மை வெளியே கொண்டுபோய்விடும். எந்தப் பலகை நமக்கு என்று புரியும் வரை ஓரமாக நின்று நிதானமாகப் படிப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம் புறப்பாட்டுப் பலகை. இங்கே பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. ஒரே விமானத்தில் இரண்டு மூன்று நிறுவனங்கள் பயணிகளை ஏற்றினால், அதற்கு இரண்டு மூன்று எண்கள் இருக்கும். பலகையில் அவை மாறி மாறி வரும். நம் எண்ணைக் காணோமே என்று பதற வேண்டாம். போகும் ஊரையும் புறப்படும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அந்த வரியையே சில நொடி பார்த்துக்கொண்டிருந்தால் நம் எண்ணும் வந்துவிடும். போர்டிங் பாஸில் கேட் எண், அதாவது விமானத்தில் ஏறும் வாசலின் எண், அச்சாகியிருந்தாலும் பலகையில் இருப்பதே சரி, ஏனென்றால் கேட் மாறும். பல பெரிய விமான நிலையங்களில் இப்போது ஒலிபெருக்கி அறிவிப்புகளை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

என் அனுபவத்தில் மிகவும் உதவிய பழக்கம் இதுதான்: இறங்கியதும் வேறு எதையும் பார்க்காமல் நேராக என் கேட் வரை நடந்து, அது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, பிறகுதான் மற்ற வேலைகள். கழிவறை, தண்ணீர், கடை, தூக்கம் எல்லாம் அதற்கு அப்புறம். ஒரு முறை நடந்து பார்த்துவிட்டால் எத்தனை நிமிட தூரம் என்பது தெரிந்துவிடும், மனமும் அடங்கிவிடும். சாங்கியில் முதல் மூன்று டெர்மினல்களுக்கு இடையே ஸ்கைடிரெயின் ஓடுகிறது. 2017-இல் திறந்த நான்காவது டெர்மினலுக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும். வரைபடத்தில் பக்கத்தில் தெரிவது காலில் அவ்வளவு பக்கமாக இருக்காது. இன்னொன்று, நான் ஏறிய டெர்மினலில் பாதுகாப்புச் சோதனை கேட்டின் வாசலிலேயே நடந்தது. உள்ளே போகும் முன் அங்கேயும் ஒரு வரிசை உண்டு, பாட்டிலில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிட வேண்டும். கடைசி நிமிடத்தில் போனால் சரியாக இருக்கும் என்ற கணக்கு இங்கே உதவாது.

கேட்டைப் பார்த்த பிறகு எனக்குக் கையில் நிறைய நேரம் இருந்தது. மூன்றாவது டெர்மினலுக்குப் போய் அங்குள்ள பட்டாம்பூச்சித் தோட்டத்தைப் பார்த்தேன். இரட்டைக் கதவு வழியாக நுழைந்ததும் ஏசி குளிர் போய் ஈரமான வெக்கை முகத்தில் அடித்தது. நறுக்கிய பழம் வைத்த தட்டில் பட்டாம்பூச்சிகள் சிறகை மூடியபடி உட்கார்ந்து சாறு குடித்துக்கொண்டிருந்தன. பல மணி நேரம் விமானக் காற்றில் காய்ந்து கிடந்த உடம்புக்கு அந்த ஈரம் எவ்வளவு இதமாக இருந்தது! அங்கே இருந்தபோது நேரத்தைப் பற்றிய கவலையே எனக்கு இல்லை. கேட் எங்கே என்பதுதான் முன்பே தெரியுமே.

நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். டிக்கெட்டிலும் போர்டிங் பாஸிலும் போட்டிருக்கும் நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். ஃப்ளைட் மோடில் கிடக்கும் போன் பழைய ஊர் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். சுவர்க் கடிகாரத்தையோ பலகையின் மூலையில் ஓடும் நேரத்தையோ பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸில் கவனிக்க வேண்டியது போர்டிங் தொடங்கும் நேரம். விமானம் கிளம்பும் நேரத்துக்குப் பதினைந்து, இருபது நிமிடம் முன்பே பெரும்பாலும் கேட்டை மூடிவிடுவார்கள்.

தூக்கம் வந்தால் கேட்டுக்குப் பக்கத்திலேயே தூங்குங்கள். பையின் வாரைக் காலிலோ கையிலோ சுற்றிக்கொண்டு, அலாரம் வைத்து, முடிந்தால் அதே விமானத்துக்குக் காத்திருக்கும் இன்னொருவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்கலாம். ஏசி ராத்திரியில் நடுங்க வைக்கும், ஒரு சால்வை கைப்பையில் இருக்கட்டும். மாத்திரை, சார்ஜர், ஒரு மாற்றுச் சட்டை எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டி நம் கைக்குக் கடைசியில்தான் வரும். இலவச வைஃபைக்குச் சில இடங்களில் போன் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்புவார்கள். நம் சிம் அங்கே வேலை செய்யாவிட்டால் அது வராது. அதனால் டிக்கெட், ஹோட்டல் முகவரி, விசா எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே போனில் சேமித்துவிடுவது நல்லது. தாளிலும் ஒரு பிரதி இருந்தால் இன்னும் நல்லது.

எல்லா இடமும் சாங்கி மாதிரி இல்லை என்பதை பிறகு ஃபிராங்ஃபர்ட் வழியாக ரோமுக்குப் போனபோது பார்த்தேன். ஜெர்மனியும் இத்தாலியும் ஷெங்கன் நாடுகள், அதாவது தங்களுக்குள் எல்லையில் பாஸ்போர்ட் சோதனை வேண்டாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகள். மொத்தம் 29 நாடுகள் அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. அதனால் ரோமுக்குப் போகிறவருக்கும் இமிக்ரேஷன் முதலில் இறங்கும் ஃபிராங்ஃபர்ட்டிலேயே நடக்கிறது. அந்த வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது நம் கையில் இல்லை. நம்மோடு இன்னும் இரண்டு பெரிய விமானங்கள் இறங்கியிருந்தால் வரிசை நகரவே நகராது. ஐரோப்பாவில் இப்படி மாறுவதாக இருந்தால் ஒரு மணி நேர இடைவெளியை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். விற்கிறார்கள் என்பதற்காக அது புதியவருக்குப் போதும் என்று ஆகாது. மூன்று மணி நேரம் இருந்தால் நிம்மதி. அமெரிக்கா இன்னும் வேறு மாதிரி: அங்கே விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் இமிக்ரேஷன் உண்டு, அதற்கு விசாவோ முன் அனுமதியோ வேண்டும். பெரும்பாலும் பெட்டியையும் எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். சில நாடுகளில், நம் பாஸ்போர்ட்டைப் பொறுத்து, விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் டிரான்சிட் விசா கேட்பார்கள். இதை டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த நாட்டுத் தூதரக இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும். பணம் கட்டிய பிறகு பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு பயணத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுப்பதை முதல் தடவை பயணிக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். ஒரே பி.என்.ஆர். எண்ணில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இரண்டும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனியாக இருந்தால் அந்தப் பொறுப்பு யாருக்கும் கிடையாது. பெட்டியையும் நாமே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், அதற்காக அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம்.

ரோமிலிருந்து திரும்பும்போது முதல் விமானம் வெகுநேரம் தாமதமாகக் கிளம்பியது. விமானத்துக்குள்ளேயே பணிப்பெண்ணிடம் என் அடுத்த விமானத்தின் எண்ணைக் காட்டிக் கேட்டேன். "இறங்கும் இடத்தில் பலகையோடு ஆள் நிற்பார், அவரிடம் போங்கள்" என்றார். அப்படியே ஒருவர் நின்றார். அடுத்த விமானம் போய்விட்டிருந்தது. ஆனால் டிரான்ஸ்ஃபர் டெஸ்க்கில் பத்தே நிமிடத்தில் புதிய போர்டிங் பாஸும் சாப்பாட்டுக்குக் கூப்பனும் கொடுத்தார்கள். அந்த வரிசையில் நின்றபோது ஒன்றைக் கவனித்தேன். கோபமாகக் கத்தியவரைவிட, "என் பெட்டி எந்த விமானத்தில் வரும்? இரவு தங்க இடம் உண்டா?" என்று தெளிவாகக் கேட்டவருக்குத்தான் வேலை சீக்கிரம் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் பயணங்களுக்கு 261/2004 என்ற விதியும் இருக்கிறது. தாமதத்துக்கு நிறுவனமே காரணமாக இருந்து, கடைசி ஊருக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிந்திப் போய்ச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வயதான அம்மா அப்பாவைத் தனியாக அனுப்புகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்துவிடுங்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்பு சொல்லிவிட்டால் நல்லது. நன்றாக நடக்கிறவர்கள்கூட இதைக் கேட்கலாம், தூரமும் வரிசையும் அப்படி. என் அம்மாவுக்கு அப்படித்தான் செய்தேன். விமான வாசலிலிருந்து அடுத்த கேட் வரை ஊழியர் ஒருவரே கூட்டிப்போனார். கூடவே ஒரு தாளில் இரண்டு விமானங்களின் எண்கள், நேரம், போகும் ஊர், என் போன் எண், "எனக்கு ஆங்கிலம் தெரியாது, இந்த விமானத்துக்கு வழி காட்டுங்கள்" என்ற வரியை ஆங்கிலத்தில், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தேன். ஊழியர் நடுவில் எங்காவது உட்காரவைத்துவிட்டுப் போனால், யாரிடம் வேண்டுமானாலும் அந்தத் தாளை நீட்டச் சொல்லியிருந்தேன். அம்மா அதை இரண்டு பேரிடம் நீட்டியிருக்கிறார். இரண்டு பேருமே நின்று படித்து, பலகையைப் பார்த்து, அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.