ஊருணியில் விடாதீர்கள்

அக்கா மகன் கண்காட்சியில் வாங்கி வந்தபோது அந்த ஆமை ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு, சிவப்புக் காது ஆமை என்பார்கள். 'இவ்வளவுதான் வளரும்' என்று விற்றவர் சொன்னாராம். உண்மையில் ஓடு மட்டுமே ஓர் அடி வரை வளரும், 30 வருஷமும் வாழும்.

போன மாசம் மச்சான், "மாப்ளே, தொட்டி பத்தலை, ஊருணியில விட்டுருவோம்" என்றார். மனசு கேட்கவில்லை, கீழக்கரையிலிருந்து நானே தூக்கி வந்துவிட்டேன். இது அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்து இனம். நம் ஊர்க் குளங்களில் வாழும் பால் ஆமைக்கான இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். ஊருணியில் தண்ணீர் கிடப்பதே சில மாதம்தான், அதிலுமா போட்டி?

கையில் எடுத்தபோது ஓட்டின் ஓரம் விரலுக்கு அமுங்கியது. ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அங்கே வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி, வெறும் காய்ந்த இறால் தீனி. கண்ணாடி வழியாக வரும் வெயிலில் ஓடு கெட்டியாக வேண்டிய புற ஊதாக் கதிர் வராது. இப்போது காலையில் மொட்டைமாடியில் நேர் வெயில், பக்கத்தில் நிழலுக்குக் கூரை ஓடு சாய்த்திருக்கிறேன். கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிப் போடுகிறேன், சுண்ணாம்புச் சத்துக்கு. கொறிக்கிறது! அப்புறம், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கும்.

நட்சத்திர ஆமை தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்கவே வாங்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

இந்தப் பக்கம் யாரிடமாவது பழைய பெரிய சிமெண்டுத் தொட்டி இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.