அப்பாவின் ஹெரால்டும் இரண்டாவது பெயின்ட்டும்

ஜனவரி 18, 2025, சனி. கும்பகோணம்

பொங்கல் விடுமுறை முடிவதற்குள் அப்பாவின் பழைய ஹெரால்டு காரைத் துடைத்துவிடலாம் என்று மத்தியானம் ஷெட்டிலிருந்து வெயிலுக்கு எடுத்தேன். இடது பின்கதவுக்குக் கீழே வரிசையாகக் கொப்புளம். முதலில் காக்கை எச்சம் என்றுதான் நினைத்தேன். விரலால் தடவினால் பெயின்ட்டுக்கு அடியில் மெத்தென்று இருக்கிறது. ஒன்றை நகத்தால் அழுத்தினேன். உடைந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது, அதுவும் துருவின் நிறத்தில். எண்ணத் தொடங்கி நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

பெயின்ட் அடித்து வண்டி வந்தது நவம்பர் கடைசியில். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கொடுத்தது ரூ.38,000.

சித்திரையில் அப்பாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். அப்பாவையும் அம்மாவையும் இந்த வண்டியிலேயே அழைத்துப் போக வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் பெயின்ட்டுக்கே கொடுத்தேன்.

அப்பா கைத்தடியோடு வந்து குனிந்து பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் மாட்டு வைத்தியம் பார்த்தவர். "அம்மாடி, மேலே மருந்து தடவிட்டுப் போகச் சொல்லாதே. உள்ளே என்னன்னு பார்க்கச் சொல்லு" என்றார்.

ஜனவரி 19

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். பானெட், கூரை, டிக்கி மூடி எல்லாவற்றிலும் 'டக்' என்று ஒட்டுகிறது. கதவுகளின் கீழ்ப்பாதியில் வழுக்கி விழுகிறது. இடது பின்கதவின் நடுவிலும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டவில்லை. அங்கெல்லாம் தகட்டுக்கு மேல், பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கும் பட்டியைக் கனமாக அப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்து டிரயம்ப் கம்பெனியின் வண்டி, வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்டு கம்பெனி இங்கேயே செய்து விற்றது. எங்களுடையது மார்க் 3. நான்கு கதவு வைத்த இந்த ஹெரால்டு இங்கே மட்டும்தான் வந்தது, இங்கிலாந்தில்கூடக் கிடையாது. 1970-இல் செய்தது, அப்பா 1978-இல் இரண்டாம் கையாக வாங்கினார். பக்கத்துக் கொக்கிகளை எடுத்துவிட்டால் மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் முழுக்க முதலை வாய் போலத் திறந்துகொள்ளும். அப்பாவுக்கு அதைவிடப் பிடித்தது அது திரும்பும் விதம். 25 அடி வட்டத்துக்குள் முழுத் திருப்பம் போடும். வாய்க்கால் கரையில், ஒரு பக்கம் தண்ணீரும் ஒரு பக்கம் வயலுமாக இருக்கிற இடத்தில், ராத்திரி பிரசவ வலியில் ஒரு மாடு கிடக்கிறது என்று ஆள் வந்தால், இந்த வண்டியில்தான் தைரியமாகப் போனார்.

ஜனவரி 27

பெயின்ட் அடித்த ஷெட்டுக்குப் போனேன். ஊரையும் பேரையும் எழுதப் போவதில்லை. "ஈரக் காத்துங்க அக்கா, எங்க தப்பு இல்ல. கொண்டு வாங்க, தேய்ச்சுட்டு இன்னொரு கோட் சும்மாவே அடிச்சுத் தர்றோம்" என்றார் உரிமையாளர். எந்த வாரம் அடித்தீர்கள் என்று கேட்டேன். நவம்பர் 26, 27 என்றார். புயல் சின்னத்தில் டெல்டா முழுக்க மழை கொட்டிய நாட்கள் அவை. எங்கள் தெருவில் துவைத்த துணி மூன்று நாள் காயவில்லை. அந்த ஈரத்தில் பட்டி வைத்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, காய விடாமல் மேலே வண்ணத்தை ஏற்றியிருக்கிறார்கள்.

இன்னொரு கோட் வேண்டாம் என்று வந்துவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. சண்டைக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை, சித்திரைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது.

பிப்ரவரி 6

மூன்று இடத்தில் காட்டினேன். ஒருவர் கொப்புளத்தை மட்டும் எடுத்து டச்சப் செய்ய ரூ.22,000 கேட்டார். திருச்சியில் பெயின்ட் பூத் (தூசி புகாமல் அடிப்பதற்கான மூடிய அறை) வைத்திருக்கிற இடத்தில் ரூ.1,65,000, ஆனால் ஜூனில்தான் எடுப்பார்களாம். மூன்றாவது, குத்தாலம் தாண்டி, வண்டித் தகட்டைத் தட்டிப் பற்ற வைக்கிற ஒரு பழைய டிங்கர் ஷெட். எல்லோரும் 'பாய்' என்று கூப்பிடுகிற பெரியவரும் அவருடைய தங்கை மகனும் பார்க்கிறார்கள். பாய் விலையே சொல்லவில்லை. கதவு விளிம்பில் ஒரு இடத்தை ஸ்கிரூடிரைவரால் நெம்பினார். சில்லு ஒன்று பெயர்ந்து கையில் விழுந்தது. ஒரு விரல் கனம். வாய்க்கால் கரையை வெட்டினால் வண்டலும் மணலும் அடுக்கடுக்காகத் தெரியுமே, அப்படி இருந்தது. மேலே புது நீலம், அதன் கீழே வண்ணத்துக்கு முன் அடிக்கும் சாம்பல் பிரைமர், அப்புறம் பட்டி, அதற்கும் கீழே ஒரு பழைய வெள்ளை, மறுபடி பட்டி, கடைசியில் துரு.

"இதுல எதை நம்பி இன்னொரு கோட் அடிக்கிறதும்மா? எல்லாத்தையும் எடுத்துட்டுத் தகரத்தைப் பார்ப்போம். அப்புறம் விலை சொல்றேன்" என்றார்.

அந்தப் பட்டி காய்ந்து இறுகின பிறகும் பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும் என்பதை அவர்தான் விளக்கினார். குடித்த தண்ணீரை உள்ளே வைத்துப் பெயின்ட்டால் மூடினால், வெயில் ஏறும்போது ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லையென்றால் கொப்புளமாகத் தள்ளும். அது உடையாத வரை அடியில் தகடு நனைந்தபடியே கிடக்கும். மேல்பூச்சு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிப்ரவரி 15

வண்டியைக் கொண்டு போய் விட்டேன்.

பிப்ரவரி 26

கண்ணாடி, அதன் ஓரத்து ரப்பர் பீடிங், கைப்பிடி, விளக்கு எல்லாம் கழற்றி, வண்டி நிர்வாணமாக நிற்கிறது. இரண்டு பேர் பன்னிரண்டு நாளாக பெயின்ட்டை இளக்கும் ரிமூவர் தடவி, சுரண்டி, எமரித் தாள் போட்டுத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். முதல் ஷெட்டில் எதையுமே கழற்றாமல் அடித்திருப்பது இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது. ரப்பர் பீடிங்கின் மேலெல்லாம் நீலம். கதவுச் சட்டத்தின் உள்பக்கத்தில் பேப்பர் ஒட்டிய கோடு அப்படியே இருக்கிறது.

பாய் என்னைக் கூப்பிட்டு இடது பின்கதவைக் காட்டினார். காந்தம் வழுக்கிய அந்த இடத்தில், சுத்தமான தகட்டில், ஒரு குழி. நடுவில் ஆழம், மேல் பக்கமாக ஒரு கீறல். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு காளை கொம்பால் முட்டியது. ஊசி போட்டு முடித்து அப்பா வண்டியில் ஏறுவதற்குள் முட்டிவிட்டது. அந்தக் குழியில் கட்டை விரலை வைத்துத்தான் நான் அந்தக் கதவைச் சாத்துவேன். அதை மூடச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. நவம்பரில் வண்டி வந்தபோது பளபளப்பைப் பார்த்த சந்தோஷத்தில் அது காணாமல் போனதைக் கவனிக்கவும் இல்லை.

அப்பாவுக்கு போன் போட்டேன். "துரு இருக்கா?" என்றார். இல்லை, தகடு திடமாக இருக்கிறது என்று பாய் சொன்னார். "அப்படின்னா அது கிடக்கட்டும்."

மார்ச் 12

மாசி மகம். மகாமகக் குளத்தைச் சுற்றி ஜனம், வெளியே போகவே வழியில்லை. ஷெட்டுக்குப் போகவில்லை. பாய் போனில் சொன்னார்: கதவுக்கடியில் ஓடும் தகடு இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று, நான்கு கதவுக்கும் அடித்துண்டு வெட்டிப் புதுத் தகடு பற்ற வைத்தாயிற்று, வெறும் தகட்டின் மேல் எபாக்சி பிரைமர் போட்டாயிற்று. பட்டி இந்தத் தடவை பிரைமருக்கு மேல்தான், அதுவும் மெல்லிசாக. தேய்ப்பது காய்ந்த எமரியில். தண்ணீர் பக்கத்திலேயே வரக் கூடாது.

மார்ச் 23, ஞாயிறு

இன்றுதான் வண்ணம்.

ஏன் இத்தனை நாள் தள்ளினார் என்று நானும் கேட்டிருந்தேன். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சொல்லுவாங்கல்லம்மா, தகரம் எம்மாத்திரம்?" என்றார். காலைப் பனியில் தகடு குளிர்ந்து கிடக்கும்போது அடித்தால் ஈரம் படியும், பளபளப்பு செத்துப்போகும். போதாததற்குச் சம்பா அறுவடை நேரம். வயலில் மெஷின் ஓடினால் நெல் சுணை காற்றில் மிதந்து வந்து ஈரப் பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பங்குனியில் இரண்டு தொல்லையும் அடங்கியிருக்கிறது. ஷெட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

ஒன்பதரைக்குத் தொடங்கினார்கள். முதல் வேலையாக மருமகன் கம்பரசரின் அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டான். டம்ளர் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. காற்றோடு அந்தத் தண்ணீர் ஸ்பிரே கன்னில் வந்தால் அன்றைய வேலை போச்சு. நீலத்தை அவர்கள் கேட்லாக்கில் பார்த்துக் கலக்கவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் வெயிலே படாத ஒரு மூலையில் கம்பெனி நிறம் அப்படியே இருந்தது. அதை மெழுகு போட்டுத் துடைத்து, பக்கத்தில் அட்டையை வைத்து, வெளிச்சத்தில் நான்கு தடவை பார்த்துக் கலந்தார்கள்.

பாய்க்கு நோன்பு. தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு கோட், கால் மணி நேரம் இடைவெளி, அடுத்த கோட் என்று மூன்று கோட் அடித்து லுஹர் என்ற மதியத் தொழுகைக்கு முன்பே முடித்துவிட்டார். போன வாரம்வரை முகத்தில் துண்டு கட்டிக்கொண்டுதான் அடித்துக்கொண்டிருந்தார். பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலில் போனால் ஆஸ்துமாவே வரும், துண்டு அதைத் தடுக்காது. அதனால் வடிகட்டி வைத்த மாஸ்க் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். காற்றுக் குழாய் வைத்த முகமூடிதான் இதற்குச் சரியானது, அதை இங்கே வாங்க முடியவில்லை. விலை பேசுகிற நாம் யாரும் அடிக்கிறவரின் மூச்சைப் பற்றிக் கேட்பதில்லை. இது எனக்கு நிஜமாகவே உறுத்தலாக இருக்கிறது.

சாயங்காலம் வரை இருந்தேன். நோன்புக் கஞ்சி ஒரு தூக்கு நிறையக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. நிறையப் பேர் கேட்டிருப்பதால் கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன்.

பழையதை எடுத்த கூலி ரூ.24,000. இரண்டு பேர், பன்னிரண்டு நாள், ஆளுக்கு நாளுக்கு ஆயிரம். ரிமூவர், எமரிக்கு 6,500. டிங்கரிங், தகட்டோடு 28,000. பிரைமர், பட்டி 14,500. வண்ணம், ஹார்டனர், தின்னர் 19,500. பெயின்ட் கூலி 22,000. பீடிங் ரப்பர் முழுக்கப் புதுசு, 11,000. மொத்தம் ரூ.1,25,500. மாஸ்க்கைச் சேர்க்கவில்லை.

முதலில் கொடுத்த 38,000-ஐயும் கூட்டினால் 1,63,500. திருச்சியில் கேட்ட தொகைக்கு 1,500 குறைவு, அவ்வளவுதான். இதில் வண்ணத்துக்கும் அதன் கூலிக்கும் போனது 41,500. அதாவது நான் நவம்பரில் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மீதியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு. முதல் ஷெட்டில் விலை சொன்னபோது எவ்வளவு என்று கேட்டேனே தவிர, எதையெல்லாம் கழற்றுவீர்கள், தகடு வரைக்கும் போவீர்களா, பட்டியை எப்படித் தேய்ப்பீர்கள், எந்த மாதத்தில் அடிப்பீர்கள் என்று ஒன்றுமே கேட்கவில்லை. பீடிங்கைக் கழற்ற மாட்டோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அன்றைக்கே திரும்பியிருப்பேன்.

அடித்தவுடனே மெழுகு போடக் கூடாதாம், ஒரு மாதமாவது பெயின்ட் மூச்சு விட வேண்டுமாம். மெல்லிய துணியும் தண்ணீரும் போதும் என்றார் பாய்.

ஏப்ரல் 27, ஞாயிறு. திருக்கடையூர்

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். மயிலாடுதுறை வழியாக அறுபது கிலோமீட்டர் போல. நான் ஓட்டினேன். அம்மா பட்டுப்புடவையில் என் பின்னால், அப்பா அவளுக்கு இடது பக்கம். கோயில் தெருவில் எங்களைப் போலவே மாலையும் தாம்பாளமுமாக வந்த வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. இடமில்லை, திருப்பிக்கொண்டு போங்கள் என்று ஒருவர் கை காட்டினார். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன். பின்னால் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை, ஒரே சுற்றில் திரும்பியது.

"பார்த்தியா" என்றார் அப்பா, அம்மாவிடம். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த அவர் கையின் கட்டை விரல் அந்தக் குழிக்குள் இருந்தது.