பட்டை பாய் கழட்டிப்போட்ட ரெண்டு பட்டை

மொத தடவ ஜவ்வாது மலைக்கு, உள்ளயே படுக்க சமைக்க வசதி இருக்கற எங்க டிரெய்லர இஸ்துகினு போயி, ஜமுனாமரத்தூர் தாண்டி மச்சானுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தரோட பட்டா நெலத்துல நிறுத்திட்டு கதவத் தொறந்தேன் பாருங்க, எல்லாருக்கும் தும்மல் நிக்கவே இல்ல. மிளகாத்தூள் டப்பா ஒடஞ்சி, அது மேல எண்ணெய் கவுந்து, அதுக்கும் மேல செம்மண் புழுதி படிஞ்சி, மெத்தையெல்லாம் ஊறுகா ஜாடி மாதிரி கெடந்துச்சி. மேல் அலமாரி கதவு ரெண்டும் ஒத்த கீல்ல தொங்குது. சரி கைய கழுவலாம்னு குழாயத் தொறந்தா தண்ணி இல்ல. 80 லிட்டர் புடிச்சிகினு வந்தது, டேங்குக்கு அடியில நீட்டிகினு இருந்த பிளாஸ்டிக் குழாய எங்கியோ கல்லு அடிச்சி ஒடச்சிட்டு இருக்குது, மலை ஏறும்போதே மொத்தத்தையும் ரோட்டுக்கு ஊத்திகினே வந்திருக்கோம். வூட்டுக்காரம்மா சுத்தி வந்து பாத்துட்டு, "சைடுல பெருசா ஆஃப் ரோடுன்னு ஒட்டி இருக்குதே, அது வண்டிக்கா, ஸ்டிக்கருக்கு மட்டுமா?"ன்னு ஒரே கேள்வி தான் கேட்டாங்க.

வண்டி வெளியூர் பட்டறை ஒண்ணுல செஞ்சது, பேரு வேணாம். இழுக்கறது நம்ம பொலீரோ. இந்த ரெண்டு வருஷத்துல அதுல நான் மாத்தினதையெல்லாம் எழுதுடான்னு மச்சான் ரொம்ப நாளா சொல்லிகினு இருக்கான், அதான் இது. ஆரம்பத்துல நானும் எல்லாரும் மாதிரி ஆஸ்திரேலியாக்காரங்க வீடியோவா பாத்து பாத்து, அவங்க என்னென்ன மாட்டறாங்களோ அதையெல்லாம் மாட்டணும்னு லிஸ்ட் போட்டு வெச்சிருந்தேன். அப்பால தான் புரிஞ்சது, நம்ம ஊர்ல லாரிக்கும் டிராக்டருக்கும் வேல செய்யறவங்களுக்கு இதுல முக்கால்வாசி ஏற்கனவே தெரியும், நாம போயி கேக்கறது தான் இல்ல.

வேலூர் பழைய பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஸ்பிரிங் பட்டை வேல செய்யற பாய் ஒருத்தர் இருக்காரு, நாங்க பட்டை பாய்னு தான் சொல்லுவோம். அலமாரி ஒடஞ்சத சொல்லி, பட்டை வீக்கா இருக்குது போல பாய், இன்னும் ஒண்ணு ரெண்டு சேத்து போடுங்கன்னு கேட்டேன். அவரு ஒண்ணும் பேசாம டிரெய்லர் பின்னாடி போயி, ரெண்டு கையையும் வெச்சி மொத்த ஒடம்பையும் போட்டு அமுக்கினாரு. வண்டி அசையல. திரும்பி என்னைப் பாத்து, "இன்னா தம்பி, இது நெல்லு மூட்ட ஏத்தற டிரெய்லருக்குப் போடற பட்டை. நீ இன்னா மூட்டையா ஏத்திகினு போற? தட்டும் டம்ளரும் தானே?"ன்னு சொல்லிட்டு, போயி எடை போட்டு சீட்டு எடுத்துகினு வான்னு அனுப்பிட்டாரு.

ரைஸ் மில் பக்கத்துல இருக்கற எடை மேடையில ஏத்தினோம். தண்ணி, கேஸு, மெத்தை, பாத்திரம்னு எல்லாத்தோடவும் 780 கிலோ. சைடுக்கு 7 பட்டை இருந்துச்சி. சீட்ட பாத்துட்டு ஒவ்வொரு சைடுலயும் ரெண்டு பட்டைய கழட்டி ஓரமா போட்டாரு, எங்கிட்ட இருந்த ஷாக் அப்சார்பர மாட்டறதுக்கு ஒரு பிராக்கெட் வெல்டு வெச்சாரு, பட்டைய ஆக்சிலோட சேத்து புடிக்கற யூ போல்ட்ட புதுசா மாத்தி, 100 கிலோமீட்டர் ஓட்டினதும் மறுபடி டைட் வெக்கணும்னு சொன்னாரு. விஷயம் இதான்: பட்டை தேவைக்கு மேல கெட்டியா இருந்தா குழியில எறங்கும்போது அது மடங்காது, வண்டி மொத்தமா துள்ளும், துள்ளி வுழும்போது உள்ள இருக்கற ஒவ்வொரு ஸ்க்ரூவும் அந்த அடிய வாங்கும். வெறும் பட்டைய மட்டும் கொறச்சா துள்ளல் போயி ஊஞ்சல் வந்துடும், அத அடக்கத்தான் ஷாக் அப்சார்பர். அடுத்த வாரம் அமிர்தி ரோட்ல 30 முட்டை ட்ரேய சிங்க் மேல வெச்சி கட்டி ஓட்டினோம், ரெண்டு தான் ஒடஞ்சது. அதுக்கு முன்னாடின்னா ஆம்லெட் தான். ஆனா இத படிச்சிட்டு நீங்களா பட்டைய கழட்டாதீங்க, எடை சீட்டு இல்லாம பாயே கைய வெக்கல.

எடை போட்டதுல இன்னொண்ணும் மாட்டிச்சி. அதுக்கு முந்தின மாசம் பள்ளிகொண்டா தாண்டி ஹைவேல போய்கினு இருக்கும்போது ஒரு ஆம்னி பஸ் சர்ருனு ஒட்டி ஓவர்டேக் பண்ணிச்சி, டிரெய்லர் லேசா இப்படி அப்படி ஆட ஆரம்பிச்சி, அப்பறம் நாய் வால ஆட்டற மாதிரி பொலீரோவையே சேத்து ஆட்டுச்சி. பக்கத்துல உக்காந்திருந்த மச்சான் கந்த சஷ்டி கவசமே சொல்ல ஆரம்பிச்சிட்டான். அந்த நேரத்துல பிரேக்க ஓங்கி மிதிக்கவே கூடாது, ஸ்டீரிங்க ஒடிச்சி சரி பண்ணவும் பாக்கக் கூடாது, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு ஸ்டீரிங்க நேரா கெட்டியா புடிச்சிகினு இருந்தா வேகம் கொறைய கொறைய அதுவே அடங்கும். காரணம் இன்னான்னா முன்பக்க கொக்கி மேல வெயிட்டு பத்தல. மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் அந்த மூக்குல உக்காரணும். எனக்கு 55 கிலோ தான் இருந்துச்சி, அதாவது 7 சதவீதம். அளக்கறதுக்கு பெரிய மெஷின் எல்லாம் வேணாம், பொலீரோ கொக்கி எவ்ளோ உயரம் இருக்குதோ அந்த உயரத்துக்கு செங்கல் அடுக்கி, அது மேல வூட்ல நாம ஏறி நிக்கற எடை மெஷின வெச்சி டிரெய்லர் மூக்க எறக்கினா போதும், சக்கரத்துக்கு கட்ட போட மறக்காதீங்க. பின்னாடி இருந்த பேட்டரியையும் தண்ணி டேங்கையும் ஆக்சிலுக்கு கொஞ்சம் முன்னாடி கொண்டாந்தேன், 85 ஆச்சி. அன்னிக்கு போன ஆட்டம் இன்னிவரைக்கும் வரல. டேங்க் விஷயத்துல ஒண்ணு சொல்லணும், லிட்டருக்கு ஒரு கிலோ, அதுலயும் பாதி டேங்க் தண்ணி முழு டேங்க விட மோசம், உள்ள தடுப்பு இல்லன்னா திருப்பத்துல எல்லாம் தண்ணி ஒரு பக்கமா அலைஞ்சி வண்டிய தள்ளும். கெளம்பும்போது ஒண்ணு முழுசா புடிங்க, இல்ல காலியா போயி அங்க புடிச்சிக்கோங்க.

அடிப்பக்க குழாயையும் சேசிஸ் சேனலுக்கு மேல தூக்கிட்டேன். முன்பக்கத்துக்கு லாரி மட்கார்டு ரப்பர் ஷீட்டு ரெண்ட வெட்டி பொலீரோ பின்னாடி தொங்கவுட்டேன், ஏன்னா டிரெய்லர் மூஞ்சில அடிக்கற கல்லு பூரா நம்ம வண்டி டயர் தூக்கி எறியறது தான். அது போடறதுக்குள்ள ஸ்டிக்கர்ல "ஆஃப்" கல்லடிச்சி போயிடுச்சி, இப்ப வெறும் "ரோடு" மட்டும் இருக்குது.

உள்ள அலமாரியெல்லாம் பிளைவுட்ல சாதா ஸ்க்ரூ, கதவுக்கு காந்தம். அந்த காந்தத்த கண்டுபுடிச்சவரு மேட்டு ரோட்ல போயிருக்க மாட்டாரு. லாங்கு பஜார்ல போயி ஜன்னலுக்குப் போடற சின்ன தாழ்ப்பாள் ஒரு டஜன் வாங்கினேன், அழகா இருக்காது, ஆனா தொறக்காது. ஸ்க்ரூ இருந்த எடத்துல எல்லாம் துளை போட்டு போல்ட்டு, பின்பக்கம் பெரிய வாஷர், நைலான் வளையம் வெச்ச நட்டு. அப்பறம் ஒவ்வொரு நட்டுக்கும் அது உக்கார்ற தகட்டுக்கும் சேத்து ஒரே கோடா நெயில் பாலிஷ் இழுத்து வுட்டுட்டேன். நட்டு நகந்தா கோடு விலகும், டார்ச் அடிச்சி பாத்தாலே போதும், ஸ்பேனர் வேணாம். லாரிக்காரங்க பெயிண்ட்ல செய்வாங்க, எங்க வூட்ல இருந்தது ரோஸ் கலர் நெயில் பாலிஷ். கேட்டுட்டு எடுத்திருக்கணும்.

புழுதிக்கு ரொம்ப நாள் வழி தெரியல. ரப்பர் பீடிங் மாத்தினேன், சந்துல எல்லாம் சிலிகான் வெச்சேன், அப்பவும் வந்துச்சி. ஓடற வண்டிக்குப் பின்னாடி காத்து உறிஞ்சும், அதனால பின்கதவுல ஊசி நுழையற சந்து இருந்தாலும் புழுதி உள்ள இழுத்துக்கும். எல்லாத்தையும் அடைக்கறத விட, முன்பக்கம் கூரையில ஒரு சின்ன ஓட்ட போட்டு, காத்து வர்ற பக்கம் பாத்த மாதிரி ஒரு மூடி வெச்சி, உள்ள கார் ஏசி ஃபில்டர் ஒண்ண சொருகிட்டா, ஓடும்போது உள்ள காத்து நெறஞ்சி வெளிய தள்ளிகினே இருக்கும், புழுதி உள்ள வர வழி இல்ல. மழையில மட்டும் ஞாபகமா மூடணும். நான் ஒரு தடவ மறந்து, தலகாணிய பிழிஞ்சி காயப்போட்டேன்.

பேரிங் தான் நெறைய பேரு கண்டுக்காதது. டீ குடிக்க நிறுத்தற ஒவ்வொரு தடவையும் எறங்கி ரெண்டு ஹப்பையும், அதாவது சக்கரத்துக்கு நடுவுல பேரிங் உக்கார்ற குடத்த, பொறங்கையால தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் சுடுதுன்னா அங்க ஏதோ கெட்டுகினு இருக்குது. எனக்கு ஆம்பூர்ல பிரியாணிக்கு நிறுத்தினப்போ இடது பக்கம் கைய வெக்க முடியல, கழட்டிப் பாத்தா நட்ட ஓவர் டைட்டா வெச்சிருந்தது நான் தான். சக்கரத்த சுத்திகினே நட்ட டைட் வெச்சி, அப்பறம் கொஞ்சம் பின்னாடி வுட்டு, ஸ்ப்ளிட் பின் போடணும், அந்த கொஞ்சத்த நான் வுடல. இன்னொண்ணு, ஜவ்வாதுல கானாறு தாண்டறப்போ நேரா போயி எறங்காதீங்க. சூடான ஹப்பு சில்லுனு தண்ணியில முங்கினா உள்ள இருக்கற காத்து சுருங்கி, சீல் வழியா தண்ணிய உறிஞ்சிக்கும், கிரீஸ் மோர் கலர் ஆயிடும். கரையில ஒரு கால் மணி நேரம் நிறுத்துங்க, எப்படியும் ஆழம் பாக்க ஒருத்தர் நடந்து போகணும்ல. ஹப்பும் சக்கரமும் பொலீரோவோடதே போட்டுட்டதால ஒரே ஸ்டெப்னி ரெண்டுக்கும் ஆகுது, சக்கரத்துக்கு சக்கரம் அகலமும் ஒண்ணு, அதனால மணல்ல முன் வண்டி போட்ட தடத்துலயே டிரெய்லரும் வருது. பாலாத்து மணல்ல ஒரு தடவ 35ல இருந்த காத்த 18க்கு எறக்கினோம், ரெண்டு வண்டிக்கும். பொலீரோவுக்கு மட்டும் எறக்கிட்டு டிரெய்லர வுட்டா அது ஏர் கலப்பை மாதிரி உழுதுகினு வரும். மேல ஏறினதும் காத்தடிக்க பம்பு வேணும், அது இல்லாம எறக்காதீங்க.

வேலூர் வெயில பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இல்ல, கத்திரியில 40 தாண்டும். சோலார் பேனல கூரையோட ஒட்டி வெச்சிருந்தாங்க, பேனல் சூடாக சூடாக கரண்ட்டு கொறையும், 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம். நாலு வெரல் சந்து வர்ற மாதிரி ஆங்கிள் போட்டு தூக்கினேன், அடியில காத்தும் ஓடுது, கூரைக்கு நெழலும் ஆச்சி. மிச்ச கூரைக்கு மொட்டமாடிக்கு அடிக்கற வெள்ள பெயிண்ட்டு. ஏசி எல்லாம் வேணாம்னு நான் சொல்றேன், வூட்ல வேணுங்கறாங்க, பேச்சுவார்த்தை ஓடிகினு இருக்குது.

கேஸ் சிலிண்டர உள்ள வெச்சிருந்தா இன்னிக்கே வெளிய தனி பெட்டிக்கு மாத்துங்க. அந்த கேஸு காத்த விட கனம், கசிஞ்சா தரையில தேங்கும், ஜன்னல் தொறந்திருந்தாலும் போகாது, அதனால தரையோட தரையா ஒரு ஓட்ட இருக்கணும். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஜாயிண்ட்டுல சோப்புத் தண்ணி தடவி பாருங்க. டியூபோ வயரோ தகட்ட தாண்டற எடத்துல பழைய சைக்கிள் டியூப்ப வெட்டி சுத்துங்க, இல்லன்னா ஆட்டத்துல தகடு அறுத்துடும்.

வெளி லைட்ட வெள்ளையில இருந்து மஞ்சளுக்கு மாத்தினேன், பூச்சி கொறஞ்சது. காவலூர் பக்கம் தங்கினா அதையும் அணைச்சிடுங்க, அங்க 1986ல இருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்த பாத்துகினு இருக்குது, இருட்டு தான் அவங்களுக்கு சாப்பாடு. காப்புக்காட்டுக்குள்ள வண்டிய வுடவே வுடாதீங்க, ஃபாரஸ்ட்டுக்காரங்க புடிச்சா நாயம் அவங்க பக்கம் தான். பட்டா நெலத்துக்காரங்கள கேட்டு தங்குங்க, கெளம்பும்போது குப்பைய வண்டியிலயே எடுத்துகினு வாங்க. டிரெய்லருக்கும் தனி ரெஜிஸ்ட்ரேஷன் உண்டு, அதோட நம்பர் சைடுல, இழுக்கற வண்டி நம்பர் பின்னாடி. 1988 மோட்டார் வாகன சட்டத்துல 52வது பிரிவ படிச்சிட்டு அப்பறம் வெல்டிங் பட்டறைக்கு போங்க, ஆர்சியில இருக்கறதுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது, நான் தாழ்ப்பாளுக்கும் பெயிண்ட்டுக்கும் கவலப்படல, ஷாக் அப்சார்பருக்கு போயி கேட்டுட்டு தான் வந்தேன்.

இப்ப பாக்கி இருக்கறது பிரேக்கு. நம்மளது டிரெய்லர் முன் வண்டிய தள்ளினா அந்த தள்ளல்லயே புடிக்கற பிரேக்கு, சமவெளியில நல்லா தான் வேல செய்யுது. ஏலகிரியில இருந்து 14 வளைவும் எறங்கும்போது அது வழி பூரா தள்ளிகினே தான வரும், அப்போ பிரேக்கும் வழி பூரா புடிச்சிகினே வருது, கீழ வந்தா டிரம்மு தோசக்கல்லு. போன தடவ ரெண்டாவது கியர்லயே எறங்கி நடுவுல ரெண்டு எடத்துல நிறுத்தி ஆற வெச்சி தான் வந்தோம், வள்ளல் பேரு வெச்ச வளைவு ஒண்ணுல மச்சான் டிரம்முக்கு தண்ணி ஊத்தப் போனான், நல்லவேளையா புடிச்சி நிறுத்தினேன், சூட்டுல ஊத்தினா விரிசல் வுட்டுடும். கரண்ட்டு பிரேக்கு போடலாமான்னு பட்டை பாய கேட்டேன். "மொதல்ல அந்த பாதி ஸ்டிக்கர கிழி, அப்பால பேசலாம்"னு சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழம போறோம்.