24 விரிவுரைகள், 14 மாதங்கள்

போன வருசம் தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் தொடங்கினேன். யேல் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் ஐரோப்பிய வரலாற்றுப் பாடநெறி, 1648 முதல் 1945 வரை, ஜான் மெரிமன் என்ற பேராசிரியர் எடுத்தது, மொத்தம் 24 விரிவுரைகள். வாரத்துக்கு இரண்டு கேட்டால் 12 வாரத்தில் கதை முடிந்தது என்று கலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். முடித்தது இந்த மார்ச்சில்.

"சேர்ட்டிபிக்கெட் தருவாங்களா?" என்று அம்மா கேட்டார். இல்லை என்றேன். அதோடு அவருக்கு இந்தப் படிப்பில் இருந்த அக்கறை போய்விட்டது.

ஏ.எல் முடித்த கையோடு நானும் ஒரு வெளிவாரிப் பட்டத்துக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்குள் சேராமல் வெளியிலிருந்து பரீட்சை எழுதி எடுக்கும் பட்டத்துக்கு, பதிந்தவன்தான். பாடக் குறிப்புகள் வந்து சேர்வதற்குள் பரீட்சைத் திகதி வந்துவிட்டது, அப்புறம் பரீட்சையும் தள்ளிப்போனது, திரும்பவும் தள்ளிப்போனது, அதற்குள் எனக்கு வேலை கிடைத்து நான் விட்டுவிட்டேன். வெளிவாரி என்றாலே இரண்டாம் தரம் என்று சொல்பவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகாது. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்த நாளிலிருந்து 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை அங்கே படித்தவர்கள் எடுத்தது லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம். வகுப்பு இங்கே, பட்டம் கடல் கடந்து. அவர்களை யாரும் இரண்டாம் தரம் என்று சொன்னதில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். உன் வேகத்தில் படி என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் என் வேகம் என்பது முதல் மூன்று மாதத்தில் நான்கு விரிவுரை. கேட்க ஆள் இல்லை, ஏச ஆள் இல்லை, ஒப்படைக்குக் கடைசி நாள் இல்லை. கடைசியில் கைகொடுத்தது பஸ்தான். வெள்ளவத்தையில் 100 அல்லது 101இல் ஏறினால் கோட்டை போவதற்குள் காலி வீதி நெரிசலில் ஒரு விரிவுரை அநேகமாக முடிந்துவிடும். இரவில் அதே விரிவுரையின் எழுத்து வடிவத்தை வாசித்து, தமிழில் குறிப்பெடுப்பேன். இது நானே போட்ட சட்டம்: தமிழில் எழுத வரவில்லை என்றால் விளங்கவில்லை. 'அப்சலூட்டிசம்' என்ற ஒரு சொல்லுக்கு மூன்று நாள் போனது. எதேச்சாதிகாரம் என்று எழுதினால் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியை ஏசுவது மாதிரி இருக்கிறது, கடைசியில் 'வரம்பிலா முடியாட்சி' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

ஆனால் 14 மாதம் ஆனதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. பாடம் ஐரோப்பாவைப் பற்றியது, நான் இருப்பது கொழும்பில், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருந்தன. 1648இல் ஒல்லாந்தரின் சுதந்திரத்தை ஸ்பெயின் ஏற்றுக்கொள்கிறது. எட்டே வருசத்தில், 1656 மே மாதம், அதே ஒல்லாந்தர் மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் 1505, 1656, 1796 என்று பாடமாக்கியவன் நான், ஆனால் 1648, 1656 என்ற இரண்டு வருடங்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த ஞாயிறு வுல்பெண்டால் தேவாலயத்துக்குப் போய், தரையில் பதித்திருக்கும் ஒல்லாந்தர் கல்லறைக் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு வாரம் போனது.

பிரெஞ்சுப் புரட்சிக்கு வந்தபோது இரண்டு மாதம். 1795இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் நுழைய, அந்த நாட்டின் தலைவர் இங்கிலாந்துக்கு ஓடிப்போய், கியூ என்ற இடத்திலிருந்து தன் குடியேற்றங்களுக்கெல்லாம் கடிதம் எழுதுகிறார்: பிரித்தானியரை உள்ளே விடுங்கள் என்று. கொழும்புக் கோட்டையைக் காத்துக்கொண்டிருந்தவர்களில் டி மெரோன் என்ற சுவிஸ் கூலிப்படையும் இருந்தது. அதைச் சம்பளம் பேசிப் பிரித்தானியர் பக்கம் இழுத்த ஆள் யார் தெரியுமா? ஹியூ கிளெகோர்ன், ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர்! படைக்குப் போன செய்தியை ஒல்லாந்துச் சீஸ் கட்டிக்குள் ஒளித்து அனுப்பினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. 1796 பெப்ரவரியில் பெரிய சண்டை இல்லாமலே கொழும்பு கைமாறியது. வரலாறு படித்து என்ன செய்யப்போகிறாய் என்று கந்தோரில் கேட்பவர்களுக்கு இப்போது இவருடைய கதையைத்தான் சொல்கிறேன்.

தனியாகப் படிப்பதில் பெரிய குறை, நாம் எழுதியதைத் திருத்த ஆள் இல்லாதது. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், கொழும்பு கைமாறிய கதையை நான்கு பக்கத்தில் எழுதி அவரிடம் கொண்டுபோனேன். பிளேன்ரீ ஆறும்வரை வாசித்தார்.

"தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. ஆளுநர் வான் ஆங்கெல்பெக் ஏன் சரணடைந்தார்? கடிதத்தை நம்பியா, கூலிப்படை போனதாலயா, சண்டை பிடிக்க விருப்பமில்லாமலா?"

"மூன்றும்தான் சேர்."

"மூன்றும் எண்டால் ஒண்டும் சொல்லேல்லை எண்டு அர்த்தம். எது முதல் எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ."

கடிதம் 1795 பெப்ரவரியில் எழுதப்பட்டது, திருகோணமலை அந்த ஓகஸ்டில் விழுந்தது, கொழும்பு அடுத்த பெப்ரவரியில். கடிதம் மட்டும்தான் காரணம் என்றால் இவ்வளவு மாதம் ஏன்? இந்தக் கேள்வியோடுதான் இப்போது மூன்றாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்து எடுத்து வைத்திருக்கும் பாடநெறி அமெரிக்க உள்நாட்டுப் போர், 27 விரிவுரைகள். இந்தத் தடவை கலண்டரில் வட்டம் போடவில்லை.