மொட்டை மாடியில் எடுத்த போன்கள்

கடன் விஷயமாக போன் வந்தால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, சிகரெட்டைப் பற்றவைத்த பிறகுதான் போனை எடுப்பேன். பேசி முடிக்கும்போது இன்னொன்று பற்றவைத்திருப்பேன். 2021 முழுக்க இப்படித்தான் போனது. வீட்டில் யாருக்கும் கடனும் முழுசாகத் தெரியாது, சிகரெட் எத்தனை என்பதும் தெரியாது. இரண்டையும் ஒரே இடத்தில் ஒளித்து வைத்திருந்தேன்.

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் சி.என்.சி. செட்டராக, அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இரும்பு கடையும் மெஷின்களை வேலைக்குத் தயார்செய்கிறவனாக இருக்கிறேன். ஓ.டி. சேர்த்தால் அப்போது 29,000 ரூபாய் வரும். 2020 ஊரடங்கில் இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் இருந்தோம், அதோடு அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவும் சேர்ந்துகொண்டது. முதலில் கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். அடுத்த ஜனவரியில் இரண்டு லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன், மாதம் 7,031 ரூபாய், 36 தவணை. அதுவும் பத்தாமல் தெரிந்தவர் ஒருவரிடம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு 60,000 வாங்கினேன்.

கார்டில் பாக்கி 1,10,000 ரூபாய் நின்றது. மாதாமாதம் மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை 5,500 மட்டும் கட்டிவிட்டு, 'கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்' என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். ஒருநாள் ஷிப்டில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் படித்தேன். மாத வட்டி மூன்றரை சதவீதம், அதாவது 3,850. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 693. நான் கட்டிய 5,500-ல் அசலுக்குப் போனது ஆயிரம் ரூபாய்கூட இல்லை. அந்த ஆயிரத்தையும் பெட்ரோலுக்குத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும் என்பதும் அன்றுதான் புரிந்தது.

அதே பேப்பரின் பின்பக்கம் சிகரெட் கணக்கைப் போட்டேன். ஒரு கிங்ஸ் 16 ரூபாய், நாளைக்கு 12. மாதம் 5,760 ரூபாய். கார்டுக்குக் கட்டுகிற பணமும் இதுவும் ஏறக்குறைய ஒரே தொகை. அந்தப் பேப்பரை மடித்து டூல் பாக்ஸில் வைத்தேன். ஆனால் அன்று சாயங்காலமும் பேக்கரிக்குப் போய் இரண்டு சிகரெட் பிடித்தேன். கணக்குத் தெரிந்துவிட்டால் விட்டுவிடலாம் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: எனக்குக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதற்குப் பிறகும் நான்கு மாதம் பிடித்தேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் டீயும் சிகரெட்டும் பேக்கரியில்தான். வாசலில் கயிற்றில் லைட்டர் தொங்கும். சில்லறையாக ஒன்றிரண்டு வாங்குகிறவன் பாக்கெட்டைக் கையில் எடுத்தே பார்ப்பதில்லை. ஒருநாள் கீழே கிடந்த காலி பாக்கெட்டில் 1800-11-2356 என்று ஓர் எண்ணைப் பார்த்தேன். 2018-லிருந்தே பாக்கெட்டில் அச்சிடுகிறார்களாம், புகையிலையை விட நினைப்பவர்களுக்கான இலவச உதவி எண். இரண்டு நாள் யோசித்துவிட்டு, யூனிட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்று கூப்பிட்டேன். தமிழிலேயே பேசினார்கள். நாளைக்கு எத்தனை, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்றெல்லாம் கேட்ட அந்த அம்மா கடைசியில் கேட்டார்: "இந்தப் பன்னிரண்டில் எதை விடுவது உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?"

டீயோடு பிடிப்பது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால், "போன் வரும்போது மாடியில் பிடிப்பது" என்று வந்துவிட்டது. யார் போன் என்று கேட்டார். சொன்னேன். "வீட்டில் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் அவர் ஒரு தேதி குறிக்கச் சொன்னார், சித்திரை 1 என்றேன். அதற்கு முன்னால் வீட்டில் பேசிவிட முடியுமா என்று பாருங்கள் என்றார், அவ்வளவுதான். அந்தக் கேள்வி மட்டும் வரவில்லையென்றால் நான் இன்றைக்கும் டீயைக் குறைப்பது எப்படி என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

2022 மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் சொன்னேன். டூல் பாக்ஸ் பேப்பரை அப்படியே எடுத்து நீட்டினேன். அவள் முன்பக்கம் படித்தாள், பின்பக்கம் படித்தாள். "தொட்டிச் செவுத்துல கருப்புக் கருப்பாப் புள்ளி இருக்குதுங்க. துணி காயப் போடும்போதெல்லாம் பார்த்துட்டுத்தான் இருக்கிறேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். நான் சிகரெட்டை அணைத்த தடங்கள். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அன்று சாயங்காலம் வரை பேசவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நாலு பவுன்.

அதை வங்கியில் அடகு வைத்து 1,10,000 வாங்கி, கார்டை ஒரே அடியாக அடைத்தோம். நகைக் கடனுக்கு வருஷத்துக்கு ஒன்பதரை சதவீதம். கார்டுக்கோ வருஷத்துக்கு 42. கடனை அடைக்கக் கடனா என்று என் மாமனார் வருத்தப்பட்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அடைத்த கார்டை மறுபடி தேய்த்திருந்தால் சங்கிலியும் போயிருக்கும். அதனால் கார்டு கணக்கையே மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, மூடியதற்கான கடிதமும் வாங்கிக்கொண்டேன். பாதிப் பணத்தில் 'செட்டில்மென்ட்' பண்ணித் தருகிறோம் என்று முன்பு ஒரு போன் வந்தது. அப்படிச் செய்தால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது தனியாகக் குறிக்கப்படும், பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது தொந்தரவு. முழுசாகக் கட்டியதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

கார்டுக்குப் போய்க்கொண்டிருந்த 5,500 ரூபாய் இனி மூன்று ரூபாய் வட்டிக்காரருக்கு அசலாகப் போகும், சிகரெட் காசு நகைக் கடனுக்குப் போகும் என்று முடிவு செய்தோம்.

ஏப்ரல் 14, சித்திரை 1. அன்று லீவு என்பதால் சமாளித்தேன். அடுத்த மூன்று நாள் நரகம்தான். நெற்றிப் பொட்டில் வலி, தூக்கமில்லை, யார் என்ன கேட்டாலும் எரிச்சல். வாயெல்லாம் புண், மலச்சிக்கல் வேறு. இதெல்லாம் வரும் என்று அந்த அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. சிகரெட்டுக்குப் பதிலாக நிக்கோட்டின் சூயிங்கம் போட்டேன், 2 மில்லிகிராம், மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். முதல் நாள் சாதா சூயிங்கம் மாதிரி நறநறவென்று மென்று, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து தவித்துவிட்டேன். மெதுவாக மெல்ல வேண்டும், மிளகு கடித்த மாதிரி சுள்ளென்று வந்ததும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் அடங்கியதும் திரும்ப மெல்ல வேண்டும். டீ குடித்த கையோடு போட்டால் சரியாக வேலை செய்யாது, கால் மணி நேரமாவது விட வேண்டும். அதற்கும் காசு ஆகும், ஒன்று பத்து ரூபாய் வாக்கில். அதனால் முதல் ஆறு வாரம் தினமும் ராத்திரி 100 ரூபாய்தான் மனைவி கணக்குக்கு அனுப்பினேன், பிறகு 200.

பிடிக்க வேண்டும் என்ற வேகம் சில நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை என்பதை மெஷினில்தான் கண்டுகொண்டேன். மெஷின் ஒரு பீஸை முடிக்கிற நாலு நிமிஷ சைக்கிள் ஓடி முடிவதற்குள் அது தணிந்திருக்கும். பத்தாம் நாள் வாக்கில் மெஷினின் கூலண்ட் (சூடு தணிக்கும் திரவம்) தொட்டியிலிருந்து அழுகின முட்டை நாற்றம் அடித்தது. பக்கத்து மெஷின் தம்பியிடம் கேட்டேன், "அது எப்பவும் அப்படித்தாண்ணா" என்றான்.

ஜூலையில் ஒரு ராத்திரி ஷிப்டில் ஆஃப்செட்டை, அதாவது மெஷினில் போடும் டூல் அளவைத் தப்பாகப் போட்டு 40 ஷாஃப்ட் ரிஜெக்ட் ஆனது. தப்பு என்னுடையது. எல்லோர் முன்னாலும் சத்தம் வாங்கினேன். விடிகாலை பேக்கரியில் மூன்று சிகரெட் தொடர்ச்சியாகப் பிடித்தேன். முதலாவதில் தலை சுற்றியது, மூன்றாவது வழக்கம் போல இறங்கியது. அந்த 'வழக்கம் போல'தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுமுன்னே மனைவியிடம் சொன்னேன். "சரி, இன்னைக்கு 48 ரூபா சேர்த்துப் போட்டுவிடுங்க" என்று சொல்லிவிட்டு இட்லி எடுத்து வைத்தாள். மறைத்திருந்தால் மறுநாளும் பிடித்திருப்பேன், நிச்சயம்.

போன்கள் உடனே நிற்கவில்லை. ஒருமுறை பர்சனல் லோன் தவணை ஐந்து நாள் தள்ளிப்போனபோது ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்தார்கள். வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னேன். ஹாலில், மனைவி பக்கத்தில் இருக்க, ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன். எதிர்முனைக் குரல் தணிந்தது.

மூன்று ரூபாய் வட்டிப் பணம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்தப் பாக்கி குறையக் குறைய மிச்சமான வட்டிக் காசையும் நகைக் கடனில் போட்டோம். நவம்பரில் தீபாவளி போனஸையும் சேர்த்துக் கட்டிச் சங்கிலியை மீட்டோம். வங்கியிலிருந்து திரும்பும்போது பேக்கரிக்குப் போய், இருவரும் உள்ளே உட்கார்ந்து டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டோம். பர்சனல் லோனின் கடைசித் தவணை 2024 ஜனவரியில் போனது.

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இன்றும் கால் மாடிப்படிப் பக்கம் திரும்பும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு எடுக்கிறேன்.