பலகை ஆடுது

டெல்லியில் மேம்பாலம் கட்டும் வேலையில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன். 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் என்னைப் போல் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தது. தூண்மேல் ஏறுபவர்கள் பெல்ட் மாட்டியிருக்கிறார்களா, சாரம் உறுதியாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் இத்தனை வருடத்தில் நான் அதிகம் பார்த்தது மனிதர்களின் பயத்தை.

பெல்ட்டில் இரண்டு ஹூக் இருக்கும். நகரும்போது ஒன்றைக் கழற்றி அடுத்த இடத்தில் மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். இது தெரியாதவர் யாருமில்லை. இருந்தும் மாட்டாமல் நடப்பவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள்தான். தினமும் ஏறி இறங்கி ஒன்றும் ஆகவில்லை என்றால் உடம்புக்குப் பயம் மறந்துபோகிறது. டிசம்பர், ஜனவரியில் இது இன்னும் மோசம். யமுனைப் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் மேலிருந்து தரையே தெரியாது. அப்போது பயம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். குறைகிறது. கம்பியெல்லாம் ஈரத்தில் வழுக்கும் அதே நாட்களில்தான் ஆட்கள் வீசி நடக்கிறார்கள்.

எங்களிடம் பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் அதிகம். கம்பி கட்டும் கேங் ஒன்று மட்டும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. அதில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், ஒரு நாள் பாதி ஏணியில் நின்றுவிட்டான். "அண்ணே, பலகை ஆடுது. நான் ஏறல" என்று மேஸ்திரியைப் பார்த்துக் கத்தினான். கீழே நின்றவர்கள் "டர் கயா, டர் கயா" (பயந்துட்டான்) என்று சிரித்தார்கள். நம்மூர்க்காரர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். ஏணியைப் பிடித்திருந்த அவன் கை நடுங்கியது. ஆனாலும் ஏறவில்லை. மேஸ்திரி தானே ஹூக்கை மாட்டிக்கொண்டு மேலே போய்ப் பார்த்தார். பலகையைக் கட்டிய கம்பி ஒரு முனையில் விட்டுப்போயிருந்தது. "எல்லாரும் இறங்குங்கடா" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

அவனுக்கு முன்னால் அதே பலகையில் நான்கு பேர் நடந்திருந்தார்கள். விசாரித்தபோது அவர்களில் இரண்டு பேர், ஆடியது தங்களுக்கும் தெரியும் என்றார்கள். அப்புறம் ஏன் சொல்லவில்லை? "சிரிப்பானுங்க, சார்."

விழுந்தால் என்ன ஆகும் என்பதைவிடப் பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பான் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய பயமாக இருந்திருக்கிறது. நாம் தைரியம் என்று மெச்சுவதில் பாதி இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பையனுக்கு இரண்டு பயமும் இருந்தது. சிரிப்பைத் தாங்கிக்கொண்டு நின்றான்.

ஆபீஸ் அறையிலும் இதே கதைதான். நூலிழையில் தப்பிய விபத்துகளை எழுத ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். இளம் எஞ்சினியர்கள் அதைத் தொடவே தயங்குவார்கள். எழுதினால் வேலை நிற்கும், ஏன் நின்றது என்று மேலேயிருந்து கேள்வி வரும். 2009 ஜூலை 12 அன்று தெற்கு டெல்லி ஜம்ருத்பூரில் மெட்ரோ பாலம் கட்டும்போது சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். மெட்ரோ நிர்வாக இயக்குநராக இருந்த ஈ.ஸ்ரீதரன் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். முதலமைச்சர் ஷீலா தீட்சித் ஏற்கவில்லை. 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்து கொடுத்தவர் ஸ்ரீதரன். அந்த ராஜினாமாமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் உயிர்களைக் காப்பாற்ற எனக்கு வேண்டியது, முந்தின நாளே "இது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று எழுதும் ஒரு ஜூனியர். அப்படி எழுதுகிறவனுக்குப் பின்னால் யாராவது நிற்க வேண்டும்.

இப்போது காலைக் கூட்டத்தில் முதல் கேள்வியாக, இன்று மேலே போக மனசில்லாதவர் யார் என்று கேட்கிறேன். காய்ச்சலோ, தூக்கமின்மையோ, வெறும் பயமோ, காரணம் சொல்ல வேண்டாம். கீழே வேலை கொடுப்போம், கூலி குறையாது. இந்தக் கடைசி வரிக்கு ஒப்பந்தக்காரரைச் சம்மதிக்க வைக்க நெடுநாள் போராட வேண்டியிருந்தது. முதலில் ஒரு கையும் எழவில்லை. மேஸ்திரி ஒரு நாள் தூக்கினார். அதற்குப் பிறகு மற்றவர்களும் தூக்குகிறார்கள். சோம்பேறிகளும் இதில் நுழைந்துகொள்வார்கள் என்று என் மேலதிகாரி சொல்கிறார். நுழையட்டும். மனசில்லாமல் மேலே நிற்பவனைவிட அவன் கீழே சும்மா இருப்பது எனக்கு மேல்.